எட்டால் வகுத்தால் மிச்சம் ஏழு

என் கணவரின் அக்கா யாரையும் நம்ப மாட்டார். கடையில் அரை டஜன் முட்டை வாங்கினால் ஆறையும் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். எங்கள் கல்யாணப் பேச்சு நடந்த அன்று என் கணிதப் பட்டச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரை அசல்தானா என்று பார்த்தார். வேடிக்கை செய்கிறார் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். நான் அண்ணி என்று கூப்பிடும் அவர் மட்டும் சிரிக்கவில்லை. பார்த்து முடித்து, மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார்.

அப்படிப்பட்டவருக்கு ஏற்ற வேலையும் அமைந்திருந்தது. மின்னணுப் பூட்டுகளைச் சோதித்து, "இது தேறும், இது தேறாது" என்று சான்று கொடுக்கும் ஒரு சோதனைக் கூடத்தில் தலைமைப் பரிசோதகர். அங்கே அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். அது அவருக்கே தெரியும். வைத்தது யார் என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

நான் அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம். பூட்டு செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். அங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டால், "எண் பொறுக்குகிறேன்" என்பேன். கேட்டவர்கள் ஏதோ சோற்றில் கல் பொறுக்குவது போல என்று நினைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்கள். நிஜமாகவே கிட்டத்தட்ட அதுதான்.

எங்கள் பூட்டைச் செல்போனால் திறக்கலாம். போனும் பூட்டும் காற்றிலே பேசிக்கொள்கின்றன. நடுவில் எவன் வேண்டுமானாலும் நின்று ஒட்டுக்கேட்கலாம். அப்படியும் அவன் காதில் விழாமல் இரண்டும் ஒரு ரகசியத்துக்கு உடன்பட வேண்டும். போன் தன் மனதுக்குள் ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளும். இரண்டை அத்தனை தடவை தன்னோடு தானே பெருக்கும். வந்ததை ஒரு பிரம்மாண்டமான எண்ணால் வகுத்து, மிச்சத்தை மட்டும் வெளியே சொல்லும். பூட்டும் அதையே செய்யும். பிறகு மற்றது சொன்ன மிச்சத்தை, தான் நினைத்த எண் அளவு தடவை பெருக்கி மறுபடி வகுத்தால், இரண்டு பக்கமும் ஒரே ரகசியம் வந்து நிற்கும். மிச்சத்தை வைத்து, நினைத்த எண்ணைக் கண்டுபிடிக்க யாராலும் ஆகாது. அந்தப் பிரம்மாண்டமான எண், எதனாலும் வகுபடாத பகா எண்ணாக இருக்க வேண்டும். அதில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் அந்தப் பாதியும் பகா எண்ணாக இருக்க வேண்டும். அறுநூறு இலக்கத்துக்கு மேல் நீளமுள்ள அப்படியோர் எண்ணைப் பொறுக்கித் தருவதுதான் என் வேலை.

எண் ரகசியமில்லை. பூட்டைத் தட்டிக் கேட்டால் அதுவே ஒப்பித்துவிடும். ஆனால் பொறுக்கியவள் கை சுத்தமாக இருக்க வேண்டும். தனக்கு மட்டும் தெரிந்த ஓட்டை உள்ள எண் ஒன்றை அவள் உள்ளே தள்ளிவிடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் அப்பழுக்கற்ற பகா எண்ணாகத்தான் தெரியும். அவளுக்கு மட்டும் ஊரில் எல்லாக் கதவும் திறக்கும்.

இந்தப் பயத்துக்காகவே எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருமே, அந்தப் பை, அதன் தசமங்களிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்போம். எந்த இடத்தில் வெட்டினோம் என்று எழுதி வைப்போம். அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போய், தேறுகிற முதல் எண்ணை எடுப்போம். லட்சக்கணக்கில் ஏறினால் ஒன்று தேறும். பை யார் வீட்டுச் சொத்தும் இல்லை. அதில் யாரும் ஓட்டை போட்டு வைத்திருக்க முடியாது. சந்தேகப்படுகிறவன் தானே ஏறிப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு கையையும் விரித்துக் காட்டுவது மாதிரி.

ஆஸ்பத்திரிகளுக்கென்று எங்கள் கம்பெனி ஒரு புதுப் பூட்டு செய்தது. இதுவரை செய்தவை சில்லறையாக விற்றவை. வெளியாரின் சோதனை தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரி என்றதும் சான்று கேட்டார்கள். மேலாளர் சோதனைக் கூடத்துக்கு எழுதிப்போட்டார். அங்கிருந்து வந்தவர் அண்ணி.

முதல் வேலையாக, இன்னார் எனக்கு இன்ன உறவு, வேறு ஆளை அனுப்பவா என்று அண்ணியே கேட்டிருக்கிறார். மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"நாத்தனாரா? இதைவிடக் கறாரான ஆள் எங்க மேடம் கிடைப்பாங்க? நீங்களே பாருங்க."

சிரித்த வாய் மூடுவதற்குள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. கண்ணாடிச் சுவர் வைத்த அறை. மேலாளர் மேஜைக்குப் பின்னால். பக்கவாட்டில் அண்ணி, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு. 'வாம்மா' என்றுகூடச் சொல்லவில்லை. அலுவலகத்தில் உறவு கொண்டாட மாட்டார். அதுவும் ஒரு கொள்கை.

"உங்க எண்ணைச் சோதிச்சேன்," என்றார். வீட்டில் 'நீ', அலுவலகத்தில் 'நீங்க'. "பகா எண்தான். பகா எண் இல்லைன்னு சொல்ல ஒரு சாட்சிகூடக் கிடைக்கலை. பாதியும் சுத்தம்."

"தெரியும்," என்றேன்.

"எழுதிக் குடுத்திருந்த இடத்துலேருந்து நானே ஏறிப் பார்த்தேன். ஏறி வந்தப்ப சந்திச்ச முதல் எண் இதுன்னு எழுதியிருக்கீங்க. இது முதல் இல்லை. இதுக்கு முன்னாடியே ஒண்ணு நிக்குது. அதுவும் பகா எண், அதோட பாதியும் பகா எண். அதை ஏன் தாண்டினீங்க?"

மேலாளர் என்னைப் பார்த்தார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அண்ணி திரையை என் பக்கம் திருப்பினார். அறுநூற்றுச் சொச்சம் இலக்கங்களும் என் எண்ணோடு ஒத்துப்போயின, கடைசி ஏழெட்டைத் தவிர. முடிவில் 347. பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

"இதுவா? இது எட்டால வகுத்தா மூணு மிச்சம் வரும். கடைசி மூணு இலக்கம் பாருங்க, முந்நூத்தி நாப்பத்தி ஏழு. என்னோடது எழுநூத்திப் பத்தொம்பதுல முடியுது. ஏழு மிச்சம். நாம இரண்டைத்தானே பெருக்கிக்கிட்டுப் போறோம்? மூணு மிச்சம் வர்ற எண்ணுல, போன் நினைச்ச எண் ஒற்றையா இரட்டையான்னு ஒட்டுக்கேக்கறவன் கண்டுபிடிச்சுடுவான். ஏழு மிச்சம்னா அவனால கண்டுபிடிக்க முடியாது. அதான் மூணெல்லாம் வேண்டாம்னு தள்ளிடுவேன்."

"ஒற்றையா இரட்டையான்னு தெரிஞ்சா கதவு திறந்துடுமா?" என்றார் மேலாளர்.

"திறக்காது சார். துளிதான் கசியும். அதுக்காகக் கசியற பாத்திரத்தை வாங்குவாங்களா?"

"அந்த நிபந்தனை நீங்க எழுதிக் குடுத்ததுல இல்லையே," என்றார் அண்ணி.

இல்லை. சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் 'முதலில் அடுப்பைப் பற்ற வைக்கவும்' என்று எழுதுவதில்லை. எட்டால் வகுத்து ஏழு வருகிறதா என்று பார்ப்பது எனக்கு அந்த மாதிரி. எழுத வேண்டும் என்றே தோன்றியதில்லை. அதைத்தான் சொன்னேன்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எப்பச் சொல்றீங்க? நான் கேட்ட பிறகு. கேட்ட பிறகு காரணம் சொல்ல யாராலயும் முடியும். எந்த எண்ணைப் பிடிச்சுக்கிட்டு வந்தாலும் அதுல ஏதாவது ஒரு தனிச் சிறப்பு இருக்கத்தான் செய்யும். ஒண்ணைத் தாண்டிட்டு, ஏன்னு கேட்டா அந்தச் சிறப்பைக் காரணமா நீட்டலாம். உங்க எண் மூணு மிச்சம் வந்திருந்தா வேற ஒண்ணு சொல்லியிருப்பீங்க. விதியை முன்னாடியே சொல்லணும். அதுக்குத்தானே இந்த வழக்கமே இருக்கு?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் ஆத்திரத்துக்குக் காரணம். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். சோதனை முடியும்வரை நான் வீட்டில் இருப்பது எல்லாருக்கும் நல்லது என்றார். எல்லாருக்கும் நல்லது என்று ஒருவர் சொன்னால் நமக்குக் கெட்டது என்று அர்த்தம். அடையாள அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். காவலாளி என் கைப்பையைத் திறக்கச் சொன்னான். தினமும் எனக்கு வணக்கம் வைத்தவன்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் இருப்பது கைவிரலில் எண்ணக்கூடிய ஆட்கள். ஒருத்தி எண்ணில் கை வைத்தாள் என்று பேச்சுக் கிளம்பினால் போதும், அதற்குப் பிறகு அவளிடம் பால் கணக்கைக்கூட யாரும் கொடுக்க மாட்டார்கள். அது நிரூபணமாக வேண்டும் என்றுகூட இல்லை. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலை. ஆசையாகப் படித்து, ஆசையாகச் செய்த வேலை. அது போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் என் கணவர் வந்தார். அவர் பல் மருத்துவர். இரண்டு தெரு தள்ளிக் கிளினிக். நடந்ததைச் சொன்னேன். எட்டு, ஏழு, மூணு எல்லாம் அவருக்குப் பிடிபடாது. என் தோளைத் தட்டினார்.

"நீ போய் அப்படிச் செய்வியா? அக்காவைப் பத்தித் தெரியாதா உனக்கு? கடவுளே வந்தாலும் அடையாள அட்டை கேப்பா. விடு, சரியாயிடும்."

எனக்கு அழுகை வந்தது. இந்த ஒரு ஆளாவது இருக்கிறாரே என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். சட்டையில் கிராம்பு எண்ணெய் வாசனை. அன்றைக்கு அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வீட்டில் சும்மா இருப்பவள் மனசு என்னென்ன செய்யும் என்று அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மேலாளருக்கு ஒரு மச்சினன் உண்டு, கணிதம் படித்துவிட்டு வேலை தேடுகிறான். என் நாற்காலிக்கு அடிபோடுகிறார்கள். அண்ணிக்கு என்மேல் பழைய காய்ச்சல், அந்தச் சான்றிதழை அவர் தூக்கிப் பார்த்தபோது நான் சிரித்ததற்கு இப்போது வட்டி வசூலிக்கிறார். கீழ்வீட்டம்மா முன்பெல்லாம் நின்று பேசுவாள், இப்போது மாடிப்படியில் வேகமாக இறங்குகிறாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குப் பட்டப்பகலிலேயே பேய்கள் தெரிந்தன.

என் கணவர் ஒருவர் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. வந்ததை நான் உள்ளே விடவில்லை என்று சொன்னால் சரியாக இருக்கும். போன் வந்தால் பால்கனிக்குப் போய்ப் பேசினார். வழக்கமாக மதியம் நான் கிளினிக் பக்கம் போவதுண்டு. ஒருநாள் கிளம்பினேன்.

"இந்த வாரம் வராதேம்மா. கூட்டம் தாங்கலை. உனக்கும் அலைச்சல்."

"சும்மாதானே இருக்கேன்?"

"ரெஸ்ட் எடுன்னு சொல்றேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். புதிதாக ஒரு பிரியம் வேறு. தட்டை அவரே கழுவினார். கல்யாணமான நாளிலிருந்து தட்டைக் கழுவாத மனிதர்.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில் அண்ணி வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் குடிப்பதற்கு முன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"விஷம் இல்ல அண்ணி. சர்க்கரைதான் கம்மி."

"எறும்பு இருக்கான்னு பார்த்தேன்," என்றார். கோபமே இல்லை. "நீ எத்தனை வருஷமா இந்த ஏழு விதியை வெச்சிருக்க?"

"வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து."

"ஆதாரம்?"

"ஒவ்வொரு மாடல் பூட்டுக்கும் நான்தான் எண் குடுத்தேன். எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கு. எடுத்துப் பாருங்க, எல்லாமே ஏழு."

"அது உன் கை படற கம்ப்யூட்டர். நேத்து மாத்தி வெச்சிருக்கலாம்."

கோப்பையை நங்கென்று வைத்தேன். "அப்போ என்னதான் செய்யச் சொல்றீங்க? நெஞ்சைப் பிளந்து காட்டவா? எண் மேல சந்தேகம், எழுதினது மேல சந்தேகம், கம்ப்யூட்டர் மேல சந்தேகம். மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்! மாமியார் இல்லாத குறைக்கு நீங்க இருக்கீங்க. என் கை படாத இடம்னா, ஊர் பூரா கதவுல தொங்குதே, அதுங்ககிட்ட போய்க் கேளுங்க! கதவு கதவாப் போய்த் தட்டுங்க!"

அண்ணி என்னையே பார்த்தார். நான் திட்டியதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"பழைய பூட்டெல்லாம் இன்னும் மாட்டியிருக்கா?"

"கழட்டாம இருந்தா இருக்கும்."

"வெளிய போன பூட்டுல எண்ணை மாத்த முடியாது. அப்படித்தானே?"

"முடியாது. அதைச் செஞ்சதே அப்படித்தான்."

அவர் காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். என் கோபம் அப்படியே அந்தரத்தில் நின்றது. ஏன் இது எனக்கே முதலில் தோன்றவில்லை என்று ஒரு வெட்கம். இந்த வகை எண்களில் மிச்சம் மூணு அல்லது ஏழுதான், அதுவும் சரிபாதியாகத்தான் வரும், பூவா தலையா போடுகிற மாதிரி. ஒரு பூட்டில் ஏழு வந்தால் அதிர்ஷ்டம். இரண்டில் வந்தால் அதிர்ஷ்டம். வருஷக்கணக்காக எல்லாக் கதவிலும் பூவே விழுந்திருந்தால் யாரோ வேண்டுமென்றே திருப்பி வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அந்த யாரோ நான். அப்படியானால் விதி எண்ணுக்கு முன்பே இருந்தது.

எந்தெந்த மாடல் எங்கெங்கே போனது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நீச்சல் குளத்து அலமாரிகள். இசைப் பள்ளியின் வாத்திய அறை. நூலகத்தில் பழைய வரைபடங்கள் வைத்திருக்கும் அறை. கால்நடை மருத்துவமனை மருந்துக் கிடங்கு. ஒரு பேக்கரியின் பின்வாசல்.

"முதல் மாடல்?" என்றார் அண்ணி. "அதுதான் முக்கியம். அப்ப உன்னை யாரும் சந்தேகப்பட்டிருக்கக்கூட முடியாது."

"அது உங்க தம்பி கிளினிக் கதவுல இருக்கு. திறப்பு விழாவுக்கு நான் குடுத்த பரிசு அதானே. எங்க ரெண்டு பேர் போன்லயும் திறக்கும்."

"கடைசியா அங்க போறேன்," என்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு மூணு வந்தாலும் நான் அப்படியேதான் எழுதுவேன். தெரியுமில்ல?"

"தெரியும்."

அவர் போன பிறகு எனக்குள் பயம் பிடித்துக்கொண்டது. நான் செய்த வேலை எனக்குத் தெரியும். இருந்தாலும், அந்தப் பேக்கரிப் பூட்டு, அப்போது எனக்குக் காய்ச்சல், அரைத் தூக்கத்தில் தேர்ந்தெடுத்தது. அதில் பார்த்தேனா? பார்க்காமல் விட்டேனா? ஊரார் சந்தேகப்பட்டுப் பட்டு, கடைசியில் நானே என்னைக் குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்துவிட்டேன். சாயங்காலம் கணவரிடம், "அண்ணி பழைய பூட்டையெல்லாம் பார்க்கக் கிளம்பியிருக்காங்க," என்றேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"ம்," என்று மறுபடி தட்டைப் பார்த்துக்கொண்டார்.

சில நாள் கழித்து மேலாளர் கூப்பிட்டார். அதே கண்ணாடி அறை. இந்தத் தடவை எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். நல்ல சகுனமா, கடைசி மரியாதையா என்று தெரியவில்லை. அண்ணி மடிக்கணினியைத் திறந்து, ஒரே தொனியில் வாசித்தார்.

"நீச்சல் குளம், 463-ல முடியுது, மிச்சம் ஏழு. இசைப் பள்ளி, 287, மிச்சம் ஏழு. நூலகம், 839, மிச்சம் ஏழு." அப்படியே போனது. பேக்கரி வந்தது. ஏழு. காய்ச்சலிலும் என் கை ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. எனக்கு என் மேலேயே ஒரு பாசம் வந்தது.

"நான் பார்த்தது பதினோரு மாடல். பதினொண்ணும் ஏழு. அதோட விடலை. ஒவ்வொண்ணுக்கும் அது தொடங்கின இடத்துலேருந்து மறுபடி ஏறிப் பார்த்தேன். வழியில சிலதைத் தாண்டியிருக்காங்க. தாண்டினது எல்லாமே மூணு. ஒரு ஏழைக்கூடத் தாண்டலை." மடிக்கணினியை மூடினார். "இந்த விதி முன்னாடியே இருந்திருக்கு. எண் சுத்தம். எழுதிக் குடுத்ததுதான் அரைகுறை. விதியை எழுதச் சொல்லுங்க. எழுதின பிறகு, எங்க எல்லார் முன்னாடியும் மறுபடி முதல்லேருந்து ஏறட்டும். வேற எண் வந்தா அப்பப் பேசிக்கலாம்."

வேறு எண் வராது என்று மூவருக்கும் தெரியும். தெரிந்தாலும் அண்ணி அதைச் சொல்லாமல் விடமாட்டார். மேலாளர் எழுந்து நின்று என் அடையாள அட்டையை நீட்டினார். மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்தார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்கு அண்ணியைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவர் கட்டிக்கொள்ளக்கூடிய ஆள் இல்லை.

வராந்தாவில் லிஃப்டுக்காக நின்றோம்.

"அண்ணி, ரொம்ப நன்றி."

"எதுக்கு? மூணு வந்திருந்தா உன்னைப் போலீஸ்ல குடுத்திருப்பேன்." லிஃப்ட் பொத்தானை மறுபடி அழுத்தினார். "நீ பன்னிரண்டு மாடல் சொன்ன. நான் பதினொண்ணுதான் படிச்சேன். கவனிச்சியா?"

கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் எண்ண மறந்துவிட்டேன், எண் பொறுக்குகிறவள்.

"எது விட்டுப்போச்சு?"

"முதல் மாடல். தம்பி கிளினிக்குல அது இல்ல. கழட்டிட்டான். சாதாரண இரும்புப் பூட்டு தொங்குது. கதவுல இல்லாத பூட்டை நான் கணக்குல சேர்க்கலை."

"ரிப்பேரா?"

"இல்ல. எப்பக் கழட்டினன்னு கேட்டேன். உன்னை வீட்டுக்கு அனுப்பினாங்களே, அதுக்கு மறுநாள் காலையில."

லிஃப்ட் வந்து, திறந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டது. "உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா?" என்றேன்.

"உன்னை அனுப்பின அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணினான். 'அக்கா, அவ அப்படிச் செஞ்சிருப்பாளா? அந்தப் பூட்டு இருக்கலாமா'ன்னான். சோதனை முடியாம நான் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னேன்."

"இதை என்கிட்ட நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் அண்ணி."

"பார்த்ததைப் பார்க்கலைன்னு சொல்லச் சொல்றியா?" என்றார். அதன் பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக, என் கைப்பையின் வாரைத் தோளில் நேராக இழுத்துவிட்டார். "என் வீடு உனக்குத் தெரியும்," என்றார்.

நேராகக் கிளினிக்குக்கு நடந்தேன். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அண்ணி சொன்னபடியே கதவில் ஒரு கனத்த இரும்புப் பூட்டு திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. என் பூட்டு இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள். உள்ளே வீங்கிய கன்னத்தோடு ஒரு பெரியவர் காத்திருந்தார். கூட்டம் ஒன்றும் தாங்க முடியாததாக இல்லை.

என் கணவர் கையுறையோடு வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அக்கா சொல்லிவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்கு அழைத்துப் போனார்.

"வேலை திரும்பக் கிடைச்சுடுச்சாமே? அக்கா போன் பண்ணினா. எனக்கு அப்பவே தெரியும்..."

"என்ன தெரியும்?"

கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். "என் நிலைமையையும் யோசிச்சுப் பாரு. நோயாளிங்க விவரம் எல்லாம் உள்ள இருக்கு. மருந்து இருக்கு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா... ஒரு முன்ஜாக்கிரதைதான். உன்னைச் சந்தேகப்பட்டு இல்ல."

"சந்தேகப்பட்டிருந்தா பரவாயில்லைங்க. உங்க அக்காவும்தான் சந்தேகப்பட்டாங்க. மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. ஊர் பூரா அலைஞ்சு, ஒவ்வொரு கதவாத் தட்டி, ஏறி இறங்கிப் பார்த்துட்டு, இல்லைன்னு தெரிஞ்சதும் விட்டுட்டாங்க. நீங்க ஒரு கேள்விகூடக் கேக்கலை. தோளைத் தட்டிட்டு, மறுநாள் காலையில வந்து பூட்டைக் கழட்டியிருக்கீங்க. நான் அன்னிக்கு ராத்திரி உங்க மேலதான் சாஞ்சுக்கிட்டுத் தூங்கினேன்."

அவர் கையுறைகளைக் குப்பைக் கூடையில் போட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவர் இடத்தில் பத்துப் பேரை நிறுத்தினால் ஒன்பது பேர் அதையேதான் செய்வார்கள். அந்த ஒன்பதில் இவர் சேர மாட்டார் என்று எந்த ஆதாரமும் இல்லாமல் நான் நம்பியிருந்தேன்.

மேஜையின் கீழறையைத் திறந்து என் பூட்டை வெளியே எடுத்தார். துணியில் சுற்றி வைத்திருந்தார், திருகாணிகளையும் சேர்த்து. அப்போதே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாட்ட ஆரம்பித்தார். பல்லில் அத்தனை நுணுக்கமாக வேலை செய்கிற கை, திருப்புளியை இரண்டு தடவை நழுவ விட்டது. வீங்கிய கன்னத்துப் பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூட்டு பச்சை விளக்குப் போட்டு, யார் யார் போனில் திறக்க வேண்டும் என்று கேட்டது. தன் போனை முதலில் வைத்துப் பதிவு செய்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"அக்காதான் எல்லாம் சரின்னு சொல்லிட்டாளே. இனிமே என்ன? உன் போனைக் குடு, சேர்த்துடறேன்."

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்தேன். அந்த 'அக்காதான் சொல்லிட்டாளே' என்னைக் கொன்றுவிட்டது. என் பேச்சுக்கு அவரிடம் மதிப்பில்லை, அக்காவின் சான்றுக்குத்தான் மதிப்பு.

"வேண்டாங்க," என்றேன். "நான் வந்தா மணி அடிக்கிறேன். பார்த்துட்டுத் திறங்க."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பூட்டு கிளிக்கென்று தானே விழுந்தது, நல்ல பூட்டு. கைப்பை உள்ளே நாற்காலியில் இருந்தது நினைவுக்கு வந்தது. மணியை அழுத்திவிட்டு, அவர் வந்து திறக்கும்வரை தெருவில் நின்றேன்.